பயணக் கட்டுரைகள் எழுதி வந்த நீங்கள் ஊர்ப் பிரச்சினைகளை எழுத வந்தது எப்படி? ஜர்னலிசம் படிக்காமல் இது முடியுமா?

கேட்டவர் கூடவே இன்னொன்றையும் சேர்த்திருக்கிறார்: அருவி, கோயில், திருவிழா என்று எழுதிப் பழகிய நடை, தண்ணீர்ப் பிரச்சினையும் கூலிப் பிரச்சினையும் எழுத உதவுமா, இடைஞ்சலாகிவிடுமா என்று. படிக்காமல் முடியும். பழைய பழக்கமும் பெரும்பாலும் உதவும், சில இடங்களில் காலை வாரும். நான் அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரன் என்பதால் சொல்வதெல்லாம் தாமிரபரணிக் கரையை வைத்துத்தான். உங்கள் ஊருக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

பயணக் கட்டுரைக்கு எங்கள் பக்கம் பஞ்சமே கிடையாது. சாரல் விழுந்தால் குற்றாலம், ஆனி பிறந்தால் நெல்லையப்பர் தேரோட்டம், கிருஷ்ணாபுரத்துச் சிற்பங்கள், பத்தமடைப் பாய், மணிமுத்தாறிலிருந்து மலையேறினால் மாஞ்சோலை. எதை எழுதினாலும் படிக்க ஆள் உண்டு. பல வருடம் இவற்றைத்தான் எழுதினேன். ஆசைப்பட்டுத்தான் எழுதினேன், இன்றைக்கும் அந்த ஆசை போகவில்லை.

என்னை இந்தப் பக்கம் இழுத்தது கூந்தன்குளம். நாங்குநேரி தாலுகாவில் இருக்கிற ஊர், 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வீட்டு முற்றத்து மரத்தில் நாரை கூடு கட்டினால் அந்த வீட்டுக்கு நல்லது என்று நினைக்கிற சனம் அங்கே இருக்கிறது. பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடமாட்டார்கள். எந்தப் பயணக் கட்டுரைக்கும் இதைவிட நல்ல விஷயம் கிடைக்காது. நானும் எழுதினேன். அப்புறம் ஒரு வருடம் போனபோது குளம் வெடித்துக் கிடந்தது. வரித்தலை வாத்தும் இல்லை, நாரையும் இல்லை. ‘இந்த வருஷம் பறவை வரலை’ என்று ஒரு வரி எழுதிவிட்டு வேறு ஊருக்குப் போயிருக்கலாம். ஏன் வரவில்லை என்று டீக்கடையில் கேட்டேன். ‘தண்ணி வரலை’ என்றார்கள். தண்ணீர் ஏன் வரவில்லை என்று கேட்டதும் பேச்சு மணிமுத்தாறு அணைக்குப் போய்விட்டது.

இங்கே கொஞ்சம் விளக்கம் தேவை. மணிமுத்தாறு அணையின் முழு நீர்மட்டம் 118 அடி. அதன் பிரதானக் கால்வாயை நான்கு ரீச்சாக, அதாவது நான்கு பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். கால்வாய் போகிற வழியெல்லாம் மானாவாரிக் குளங்கள். அணையில் தண்ணீர் குறைவான வருடத்தில் எந்த ரீச்சுக்கு எவ்வளவு, எத்தனை நாள் என்பதை அரசாணைதான் முடிவு செய்யும். கூந்தன்குளம் நிரம்புவதும் இந்தக் கால்வாயை நம்பித்தான். ஆக, வெகுதூரத்திலிருந்து வருகிற ஒரு வாத்து எங்கள் ஊரில் இறங்குவதும் இறங்காததும் ஓர் அரசாணையிலும் ஒரு ஷட்டரிலும் இருக்கிறது. குளத்துக்குக் கீழே நெல் போட்டிருப்பவர்களின் கதியும் அதே ஷட்டரில்தான். இது தெரிந்த பிறகு பறவையை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

கால்வாயை நடந்தே பார்ப்பது என்று முடிவு செய்தேன். பயணக் கட்டுரைக்காரனுக்கு நடப்பதில் சிரமம் இல்லை, அது ஒரு வசதி. கடைமடைப் பக்கத்து ஊர் ஒன்றில் நீர்பாய்ச்சியாக இருந்த பெரியவர் ஒருவர் கூட வந்தார். கையில் ஒரு கம்பு. ஒவ்வொரு மதகிலும் அதைத் தண்ணீருக்குள் செங்குத்தாக இறக்குவார். வெளியே எடுத்து, ஈரம் ஏறிய இடத்தில் கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறல் போடுவார். அடுத்த மதகில் மறுபடியும். போகப்போகக் கீறல்கள் கம்பின் நுனியை நோக்கி இறங்கிக்கொண்டே வந்தன. ஓரிடத்தில் காங்கிரீட் கரை உடைந்து தண்ணீர் பக்கத்து ஓடையில் விழுந்துகொண்டிருந்தது. இன்னோரிடத்தில் கால்வாய்க்குள்ளேயே சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. இரண்டு மூன்று இடங்களில் கரையேறி டியூப் கிடந்தது, மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. கடைசி மதகில் கம்பை இறக்கினார். நுனி மட்டும்தான் நனைந்தது.

‘ஆபீஸ்ல தொறந்த கணக்குதான் இருக்கும் தம்பி. வந்த கணக்கு இந்தக் கம்புலதான் கெடக்கு’ என்றார்.

மறுவாரம் நீர்வளத்துறை அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பொறியாளர் நல்ல மனிதர், ரிஜிஸ்டரை எடுத்துக் காட்டினார். எந்தத் தேதியில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்று தேதிவாரியாக இருந்தது. உத்தரவில் சொன்னபடியே திறந்திருக்கிறார்கள். அவர் சொன்னதும் உண்மை, பெரியவர் சொன்னதும் உண்மை. திறந்த தண்ணீர் வந்து சேராமல் வழியில் என்ன ஆனது என்பதைத்தான் எழுத வேண்டியிருந்தது. உடைந்த கரை, வளர்ந்த முள், திருட்டு மோட்டார் மூன்றையும் இடம் சொல்லி எழுதினேன். மோட்டார் வைத்திருந்தவர்களிலும் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். அவருக்கும் வாழை காய்ந்துகொண்டிருந்தது. அதையும் எழுதினேன்.

பழைய பழக்கம் எங்கே உதவும் என்ற கேள்விக்கு என்னுடைய பதில் கால்வாயோரம் நடந்த இந்த நடையில்தான் இருக்கிறது. கண்ணால் பார்த்ததைப் பார்த்தபடி சொல்வது, முன்பின் தெரியாதவரிடம் அரைமணி நேரம் சும்மா பேசிக்கொண்டிருக்கத் தெரிவது, பஸ் போகாத ஊருக்கு எப்படிப் போவது என்று தெரிவது, ஒரே இடத்தைக் காலையிலும் மாலையிலும் பார்ப்பது. இதெல்லாம் பயணம் எழுதியவருக்குக் கைவந்தது. கலெக்டர் அலுவலகத்தில் நடக்கிற விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் உட்கார்ந்து, சொன்னதை மட்டும் எழுதுகிறவருக்குக் கால்வாயின் நடுப்பகுதி தெரியாது. அந்தக் கூட்டத்துக்கு மாதாமாதம் போக வேண்டும், அது வேறு விஷயம். மாவட்டத்தில் எங்கே என்ன எரிகிறது என்பது அங்கே உட்கார்ந்தால் தெரிந்துவிடும்.

காலை வாருகிற இடம் எது என்றால், பயணக் கட்டுரையில் எல்லாமே அழகாகிவிடும் என்பதுதான். மாஞ்சோலையை எடுத்துக்கொள்ளுங்கள். மேகம், தேயிலைச் சரிவு, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று பேரைக் கேட்டாலே போகத் தோன்றும். பச்சைச் சரிவில் வரிசையாகக் கொழுந்து பறிக்கிற பெண்கள் என்று எழுதினால் படமாகவே தெரியும். அந்த மலை யாருடையது, அந்தப் பெண்ணுக்கு என்ன கூலி, அவள் குடியிருக்கிற லயன் வீடு யார் பேரில் இருக்கிறது என்ற கேள்விகளுக்கு அந்தப் படத்தில் இடம் கிடையாது.

விவரம் இதுதான். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் சுமார் 8,374 ஏக்கரை 99 வருடக் குத்தகைக்கு எடுத்தது பாம்பே பர்மா நிறுவனம். குத்தகை 2028இல் முடிகிறது. இடம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. 2024இல் நிறுவனம் விருப்ப ஓய்வு கொடுத்துத் தொழிலாளர்களை அனுப்பத் தொடங்கியது. வீடு கம்பெனி வீடு, வேலை போனால் வீடும் போகும். மூன்று நான்கு தலைமுறையாக மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கீழே சொந்த ஊர் என்று ஒன்று இல்லை. அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ எடுத்து நடத்த வேண்டும் என்று கேட்டார்கள், வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. மேலே எனக்குப் பலமுறை சோறு போட்ட ஒரு அக்கா கேட்டார், ‘கீழ எறங்குனா எங்களுக்கு வீடு எங்க இருக்கு தம்பி? ரேஷன் கார்டு, பிள்ளைக சர்டிபிகேட்டு எல்லாம் இந்த அட்ரஸ்லதான இருக்கு?’

அந்த வருடம் மாஞ்சோலைக்குப் போய்வரப் பாஸ் எப்படி வாங்குவது, எந்த பஸ் என்று எழுதித் தரச் சொல்லி எனக்கு அழைப்பு வந்தது. ரேஷன் கார்டைப் பற்றி எழுதித் தருகிறேன் என்றேன். கேட்டவர்களுக்கு அது வேண்டாம், கட்டுரை வேறு இடத்தில் வந்தது. காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. தாமிரபரணியின் தலைமாடு அந்தக் காடுதான். காடு திரும்ப வளரட்டும் என்று சொல்கிறவரையும் சந்தித்துப் பேசிவிட்டுத்தான் எழுதினேன். ஆனால் காட்டின் பேரைச் சொல்லி அந்த அக்காவின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட முடியாது. இதில் நான் நடுநிலையாக இருக்கிறேன் என்று சொல்லமாட்டேன். விவரத்தில் இரு பக்கமும் இருக்க வேண்டும். மனசு யார் பக்கம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

மாஞ்சோலை எழுதுகிற யாரும், கலெக்டர் அலுவலகம் இருக்கிற கொக்கிரகுளத்தை விட்டுவிட முடியாது. திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கிற சுலோசன முதலியார் பாலத்தைச் சுற்றுலா எழுத்தில் எல்லோரும் எழுதியிருப்பார்கள். கலெக்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர் தன் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்த பாலம், 1843இல் திறந்தார்கள். பெருமைப்பட வேண்டிய கதைதான். அதே பாலத்துக்குப் பக்கத்தில், அதே ஆற்றங்கரையில், 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர் கூலிக்காகக் கலெக்டர் அலுவலகத்துக்கு ஊர்வலமாக வந்தவர்கள் மீது போலீஸ் தடியடி நடத்தியது. ஆற்றுக்குள் ஓடியவர்களில் 17 பேர் செத்துப்போனார்கள். அதில் ஒரு சிறு குழந்தையும் உண்டு. வருடாவருடம் அந்தத் தேதியில் கட்சிக்காரர்களும் ஊர்க்காரர்களும் ஆற்றில் மலர் தூவ வருவார்கள். ஊருக்கு வருகிறவரிடம் பாலத்தைக் காட்டும்போது இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் வாதம்.

நடையைப் பற்றிக் கேட்டீர்கள். வர்ணனையை விட வேண்டியதில்லை, அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். ‘நுனி மட்டும்தான் நனைந்தது’ என்பதும் வர்ணனைதான். அதோடு ரிஜிஸ்டரில் இருக்கிற கன அடிக் கணக்கும் வந்தால்தான் அது நிற்கும். கணக்கில்லாமல் எழுதினால் ஒரு நாள் பரிதாபப்பட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கணக்கை மட்டும் எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள்.

கணக்கு படிக்கப் பழகுவது நினைப்பதுபோலக் கஷ்டம் இல்லை. தினமும் பேப்பரில் அணை நீர்மட்டம் வரும். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி என்பது முழு அளவு. பாபநாசத்தையும் சேர்வலாறையும் சுரங்கம் இணைப்பதால் இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆற்றுத் தண்ணீரைக் கால்வாய்களுக்குத் திருப்ப, மேலிருந்து கீழாக எட்டு அணைக்கட்டு. கோடைமேலழகியானில் ஆரம்பித்து நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், கடைசியாகத் தூத்துக்குடி மாவட்டத்தில் ஸ்ரீவைகுண்டம். இதை நம்பி சுமார் 86,000 ஏக்கர். அதுபோக எத்தனையோ கூட்டுக் குடிநீர்த் திட்டம், தூத்துக்குடி ஆலைகளுக்கென்று போட்ட 20 எம்ஜிடி (நாளுக்கு இரண்டு கோடி கேலன்) திட்டம். இவ்வளவு பேருக்கும் ஒரே ஆறு. கார் சாகுபடிக்கு ஜூனில் தண்ணீர் திறப்பார்களா, யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று வருடாவருடம் வருகிற சண்டை, இந்தக் கணக்கு மண்டையில் இருந்தால்தான் புரியும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் என் பழைய வேலை ஒருவிதத்தில் கைகொடுத்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, ஏரல் பக்கம் ரோடெல்லாம் போய்விட்டது. நவதிருப்பதி கோயில்களைப் பற்றி முன்பு எழுதியிருந்ததால் அந்தப் பக்கத்துக் குறுக்குப் பாதை எல்லாம் தெரியும். கோயில் கோயிலாகப் போன வழியில் இப்போது ஊர் ஊராகப் போனேன். தண்ணீர் வடிகிறவரை எல்லாரும் எழுதினார்கள். வடிந்த பிறகுதான் உண்மையான வேலை இருந்தது. வாழை போட்டவர்களில் நிறையப் பேர் குத்தகைக்காரர்கள், கையில் பத்திரமோ பட்டாவோ இல்லை. நிவாரணக் கணக்கெடுப்பு அடங்கல் என்கிற கிராமப் பயிர்ப் பதிவேட்டைப் பார்த்து நடக்கும்போது நிலத்துக்காரர் பேர் வரும், பாடுபட்டவர் பேர் வராது. பொங்கல் கழிந்து, கேமராக்கள் எல்லாம் போன பின்னால் ஒரு விஏஓ அலுவலகத் திண்ணையில் உட்கார்ந்து, பட்டியலையும் ஆட்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் இது புரிந்தது. ஒரு தடவை போய்விட்டு வருவது பயணம். இந்த வேலைக்கு, எல்லாரும் போன பிறகு மறுபடியும் போக வேண்டும்.

சாதியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடித்தால் நான் நெல்லைக்காரனே இல்லை. பயணியாகப் போனால் ‘எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளை’ என்று கேட்பது உபசரிப்பு. பிரச்சினையை எழுதப் போனால் அதே கேள்வி, ‘நீ யாருடைய ஆள்’ என்று எடை பார்ப்பதற்கு. இரண்டு தெருவுக்கும் போகாமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள். ஒரு தெருவில் டீ குடித்துவிட்டு மறு தெருவுக்குப் போகும்போது முகங்கள் மாறும், பொறுத்துக்கொள்ளுங்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலினத்து மாணவன் ஒருவனை, அவன் பள்ளியில் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதி அடையாளமாகக் கையில் கட்டுகிற கலர் கயிறு முதல் பல விஷயங்கள் அதில் இருக்கின்றன. நான் அந்தச் சமயத்தில் எழுதியது பள்ளிக்கூட வராண்டாக்களைப் பற்றி: பஸ்ஸில் எந்தப் பையன் எந்த சீட்டில் உட்காருகிறான், மதியச் சாப்பாட்டுக்கு யாரோடு யார் உட்காருகிறார்கள் என்று. சிறு பிள்ளைகளின் பேரும் படமும் ஊர்த் தெருவும் வரக் கூடாது. சட்டமும் அதைத்தான் சொல்கிறது, சட்டம் சொல்லாவிட்டாலும் கூடாது. பயம் இருக்குமா என்றால் இருக்கும். தனியாகப் போகாமல், போகிற ஊரை வீட்டில் சொல்லிவிட்டுப் போகிறேன். போனில் மிரட்டினால் தேதி, நேரத்தோடு குறித்து வைக்கிறேன்.

பணம் குறையும். பயணக் கட்டுரைக்கு ரூம் கிடைக்கும், கார் வரும், சாப்பாடு வரும். இதில் பஸ் காசுகூடக் கைக்காசுதான். நான் வேறு வேலையும் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன். விடுதிக்காரர்களின் உபசரிப்பை நிறுத்திவிட்டேன். நாளைக்கு அதே விடுதியின் கழிவுநீர் கால்வாயில் விழுகிறது என்று எழுத வேண்டி வரலாம்.

படிப்பு இல்லையே என்று தயங்குகிறவருக்குச் சொல்கிறேன்: உங்கள் ஊர்க் குளத்தில் ஆரம்பியுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு வெள்ளைத்தாளில் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, பத்து ரூபாய்க்குக் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். குளத்தின் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், எவ்வளவு, கடைசியாக எந்த வருடம் தூர்வாரினார்கள், எவ்வளவு தொகை, யார் ஒப்பந்ததாரர் என்று கேளுங்கள். எம்-புக் என்கிற வேலை அளவுப் புத்தகத்தின் நகலையும் கேளுங்கள், எத்தனை கன மீட்டர் மண் எடுத்ததாகப் பில் போட்டிருக்கிறார்கள் என்பது அதில்தான் இருக்கும். ‘ஏன்’ என்று கேட்காதீர்கள், இருக்கிற ஆவணத்தை மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். பதில் வந்த அன்றைக்கே எழுத உட்கார வேண்டாம். அந்த நகலை எடுத்துக்கொண்டு, குளத்துக்குக் கீழே நிலம் வைத்திருக்கிற இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, கரையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள்.